ஏற்றுக்கொள்ளத்தக்க காரணம்

புரட்டாசி பிறந்து கழுத்தில் துளசிமாலை ஏறிவிட்டால் பழனிக்கு வாயில் ஒரே சொல்தான். வண்டி பஞ்சராகி நடுரோட்டில் நின்றாலும் கோவிந்தா. பின்னால் வருகிற பஸ்காரன் தாயையும் தகப்பனையும் இழுத்துத் திட்டினாலும் கோவிந்தா. ஆந்திர எல்லையில் நகரிப் பக்கத்தில் இந்த விரதம் பிடிக்கிற ஆம்பிளைகள் மாதம் முழுக்கக் கறி தின்னமாட்டார்கள், செருப்புப் போடமாட்டார்கள், யாரோடும் எதிர்வாதம் பண்ணமாட்டார்கள். முதல் இரண்டும் எல்லா ஊரிலும் உள்ளதுதான். மூன்றாவதைப் பழனி வீட்டில் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாலை போட்டவன் வாயைத் திறந்து மறுத்தால் மலை ஏறிய பலன் போய்விடும் என்று அவன் அப்பா முனிசாமி சொல்லிவைத்துவிட்டுச் செத்துப்போனார். அவர் காலமெல்லாம் அடுத்தவன் கழனியில் கூலி வேலை செய்தவர். மாலை போடாத மாதங்களிலும் எதிர்வாதம் பண்ண அவருக்கு இடம் கிடைத்ததில்லை.

அந்த ஒரு சொல்லால்தான் பழனியின் லைசென்ஸுக்கு ஆபத்து வந்தது.

பழனி ஓட்டியது ஒரு மேஜிக் வண்டி, ஆள் ஏற்றுகிற சின்ன வேன். முன்னெல்லாம் வண்டி வாங்குவதென்றால் நிலம் வேண்டும், நிலத்தைக் காட்டினால்தான் பாங்க்காரன் உட்காரச் சொல்லுவான். பிறகு காலம் மாறியது. கடன் கொடுக்கிற கம்பெனிக்காரர்கள் டை கட்டிக்கொண்டு விசைத்தறிக் கொட்டகை வாசலுக்கே வந்து நின்றார்கள். நிலமே இல்லாத முனிசாமி மகனுக்கும் வண்டி வந்தது. காலையில் நகரி மணிக்கூண்டுப் பக்கம் நிறுத்தி, "புத்தூர், வடமாலப்பேட்டை, திருப்பதி" என்று கூவ ஆரம்பித்தால் தறிச் சத்தத்தையும் மீறி அவன் குரல் கேட்கும். அவன் மனைவி தாட்சாயணி வீட்டில் உட்கார்ந்து ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றினாள். மகள் தேன்மொழி அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள்.

புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லாரும் மலைக்குத்தான். மொட்டை போடப்போகிற குழந்தைகள், மஞ்சள் துணியில் காசு முடிந்த பெண்கள், பெரிய நாமம் போட்ட கிழவர்கள். அவர்களைப் பழனி மலையடிவாரத்தில், வேப்பமரத்துக்குக் கீழே, எப்போதும் இறக்குகிற இடத்தில் இறக்கினான். அந்த வருஷம் அங்கே ஒரு டிராபிக்காரர் புதிதாக நின்றார். இங்கே வண்டி நிறுத்தக்கூடாது என்றார். எதையோ எழுதி நீட்டினார். பழனி கோவிந்தா என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். அடுத்த சனிக்கிழமையும் அதே. அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே. அபராதத்தையும் கட்டிவிட்டான். தெலுங்கு பேசச் சொன்னால் பழனி மணிக்கணக்கில் பேசுவான், ஆனால் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம், தெலுங்கு எழுத்து ஒன்றும் தெரியாது.

தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்ட நாளில் தபால்காரர் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். தாட்சாயணி புத்தூர்க்காரி, தெலுங்கில் எட்டாவது வரை படித்தவள். ராட்டையை நிறுத்திவிட்டுப் படித்தாள்.

"இது இன்னா மாமா, மூணு தபா தப்ப ஒத்துக்கினேன்னு கையெழுத்துப் போட்டுக்கிறே?"

"நான் எங்க ஒத்துக்கினேன்? எழுதிக் குடுத்தான், போட்டேன்."

"மறுபடியும் செஞ்சா லைசென்ச நிறுத்திக்கலாம்னு நீயே சொன்னதா எழுதிக்கீது. ஒரு வருசத்துக்கு நிறுத்தறாங்களாம்."

பழனி களித்தட்டைத் தள்ளி வைத்தான்.

"மாலையப் போட்டுக்கினு அவன்கிட்ட மல்லுக்கு நிக்கச் சொல்றியா?"

"மல்லுக்கு நிக்க வோணாம். இதுல இன்னா எழுதிக்கீதுன்னு கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா எதிர்வாதம்தானே."

"நல்லா வாதம் பண்ணாம இருந்தே போ. லைசென்சும் கோவிந்தா."

சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேலே இருக்கிறவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்ற பயம்.

அப்பீல் பண்ணலாம் என்று கடைசி வரியில் இருந்தது. சித்தூரில் அபராத அப்பீலுக்கென்று ஒரு பிரிவு, பெரிய கட்டடத்தின் பின்பக்கம். வெளியே மனு எழுதுகிறவரிடம் பழனி நடந்ததை நடந்தபடியே சொன்னான். மாலை போட்டிருந்தேன், மறுத்துப் பேசக்கூடாது, அதனால் கையெழுத்துப் போட்டேன். எழுதுகிறவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே எழுதினார். பதில் பொங்கலுக்கு முன்னாடியே வந்துவிட்டது. ஒரே வரி. காரணம் ஏற்றுக்கொள்ளத்தக்கதல்ல.

வண்டி வீட்டு ஓரத்தில் படுதா மூடி நின்றது. வாடகைக்கு டிரைவர் போட்டால் அவன் சம்பளத்துக்கே சரியாகப் போகும், தவணைக்கு எங்கே போவது? பழனி தறிக்கொட்டகையில் துணி பேல் தூக்கப் போனான். அப்போதுதான் ரத்னம்மா வந்தாள். தாட்சாயணிக்குத் தூரத்து உறவில் அத்தை முறை. குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து புத்தூரில் மாடி வீடு கட்டியவள். இப்போது மற்ற பெண்களை அனுப்பிவைக்கிறாள்.

"ரெண்டு வருசம்டி. கண்ண மூடித் தொறந்தா ஓடிப்பூடும். உன் புருசன் லைசென்சு வர்றதுக்குள்ள வண்டிய கம்பெனிக்காரன் இட்டுக்கினு பூடுவான். அப்பறம் வெறும் லைசென்ச வெச்சிக்கினு எத ஓட்டுவான்?"

"கொயந்த சின்னது அத்த."

"என் கொயந்த மட்டும் பெருசா இருந்துச்சா? நான் திரும்பி வந்தப்ப என்னப் பாத்து யாருன்னு கேட்டான். அப்பறம் சரியாப்பூடுச்சு."

ஆறுதலுக்குத்தான் அதைச் சொன்னாள். தாட்சாயணிக்கு அதுதான் குத்தியது. இருந்தும் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டாள். அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை.

மறுநாளிலிருந்து பழனி தேன்மொழிக்குத் தலை பின்ன ஆரம்பித்தான். ஸ்டியரிங் பிடித்த கைக்கு அந்த மூன்று கால் பின்னல் வரவில்லை. ஒரு சடை காதுக்கு மேலே போனது, இன்னொன்று முதுகுக்குக் கீழே போனது. எதற்குப் பழகுகிறான் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பெண் மட்டும், "நைனா, வலிக்குது நைனா" என்று கத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்கத் தாட்சாயணிக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். தார் சுற்றுவதைப் போட்டுவிட்டுச் சித்தூர் பஸ் ஏறினாள்.

அப்பீல் பிரிவில் தாமோதரன் என்று ஒரு குமாஸ்தா. கெட்ட மனிதர் இல்லை. மேஜை நிறையக் கட்டுகளும் கால் நிறைய வீக்கமுமாக இருந்தவர்.

"காரணம் செல்லாதுன்னு எழுதிக்கிறீங்கோ சார். எந்தக் காரணம் செல்லும்?"

"அது அதிகாரி முடிவும்மா."

"போன வருசம் யாருக்காச்சும் செல்லுச்சா?"

"ஏன் செல்லாம? செல்லியிருக்கும்."

"அதுல ஒண்ணக் காட்டுங்க சார். அவங்க இன்னா சொன்னாங்கன்னு பாத்துட்டுப் போயிடறேன்."

தாமோதரன் கண்ணாடியைக் கழற்றினார். இருபது வருஷ சர்வீஸில் இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. என் காகிதத்தைக் காட்டு என்பார்கள், சீக்கிரம் பண்ணு என்பார்கள். அடுத்தவன் காகிதத்தைக் காட்டு என்று யார் கேட்பார்கள்?

"ஊர்ல இருக்கறவங்க அப்பீலெல்லாம் உனக்கு எதுக்கும்மா? அது அவங்க சொந்த விஷயம். ரேப்பு ரா, நாளைக்குப் பாக்கலாம்."

"எத்தினி ரேப்பு சார்?"

அவர் சிரித்துவிட்டு அடுத்த கட்டை அவிழ்த்தார்.

மழை தூறியது. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் தாட்சாயணி தாழ்வாரத்தில் நின்றாள். உடைந்த நாற்காலிகள் அடுக்கிய சுவரில், நாற்காலிக் கால்களுக்கு நடுவே, நீலப் பெயிண்டில் தெலுங்கு எழுத்து தெரிந்தது. சமாசார ஹக்கு சட்டம். அரசாங்க ஆபீஸில் இருக்கிற காகிதத்தைக் கேட்க எல்லாருக்கும் உரிமை உண்டு, கேட்கவேண்டியது இன்னாரிடம் என்று பெயர் போட்டிருந்தது. பெயர் தாமோதரன். அந்தச் சட்டம் வந்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. போர்டு எழுதச் சொன்னதால் எழுதினார்கள், இடம் இல்லாததால் நாற்காலியை முன்னால் போட்டார்கள். இரண்டிலும் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி அவளே எழுதினாள். அந்த ஆபீஸ் ஒரு வருஷத்தில் முடித்த அபராத அப்பீல் உத்தரவுகளை எல்லாம் நான் பார்க்கவேண்டும். தாமோதரன் வாங்கிப் பார்த்து, "நல்லாத்தான் எழுதிக்கிறே" என்று சீல் குத்திக் கொடுத்தார். அடுத்த மாதம் பதில் வந்தது. மூன்றாம் நபர்களின் சொந்த விவரம், காட்ட இயலாது. மேலதிகாரியிடம் முறையிடலாம் என்று அதிலும் கடைசியில் ஒரு வரி. எந்தக் காகிதத்திலும் கடைசி வரியை முதலில் படிக்கவேண்டும் என்று தாட்சாயணிக்கு அதற்குள் பழகியிருந்தது. முறையிட்டாள்.

மேலதிகாரி பத்மினி என்று ஒரு அம்மாள், குண்டூர்ப் பக்கத்துத் தெலுங்கு. தாட்சாயணியை எதிரே உட்காரச் சொன்னாள். தாமோதரன் நின்றுகொண்டு, பெயர் விலாசமெல்லாம் அதில் இருக்கிறது, அடுத்தவர் அந்தரங்கம் என்றெல்லாம் விளக்கினார்.

"ஏமண்டி, அபராதம் போடும்போது நடுரோட்டில் பத்துப் பேர் பார்க்கத்தானே போடுகிறோம்?" என்றாள் பத்மினி தெலுங்கில். "அதை ரத்து செய்தது மட்டும் எப்படி அந்தரங்கம் ஆகும்?"

தாமோதரன் யோசித்துப் பார்த்தார். போன் நம்பரையும் லைசென்ஸ் நம்பரையும் மறைத்துவிட்டு மற்றதைக் காட்டுங்கள், திங்கட்கிழமை வரச்சொல்லுங்கள் என்று உத்தரவானது.

அந்தத் திங்கட்கிழமைதான் குவைத்துக்கான மெடிக்கல், சென்னையில். பாஸ்போர்ட் அதற்குள் வந்து ரத்னம்மா கைக்குப் போயிருந்தது. ரத்னம்மா வாசலில் நின்று கத்தினாள்.

"விசா இன்னா பொடலங்காயா, இன்னிக்கு வுட்டா நாளைக்கு சந்தைல வாங்கிக்கறதுக்கு? அடுத்தவன் காயிதத்தப் பாத்து நீ இன்னாடி பண்ணப்போற?"

"தெரியல அத்த. பாத்தாத்தான் தெரியும்."

"ஒண்ணும் இல்லன்னா?"

"இல்லன்னு தெரிஞ்சிக்கினு வந்து பிளைட் ஏறறேன். தெரியாம ஏறமாட்டேன்."

ரத்னம்மா பழனியைப் பார்த்தாள். "நீயாச்சும் சொல்லேம்பா. நாங்க உனுக்காகத்தானே அல்லாடறோம்."

மார்கழி, தை எல்லாம் போய் மாலை கழற்றி எத்தனையோ நாளாகியும் பழனிக்கு எதிர்த்துப் பேச வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "அவ கூட நானும் போறேன் அத்த" என்றான். ரத்னம்மாவுக்கு அதுவே போதுமான எதிர்வாதமாக இருந்தது. விறுவிறுவென்று போய்விட்டாள்.

அந்த ஆபீஸ் தாழ்வாரத்தில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். நாற்காலிகளைத் தள்ளி வைத்ததில் நீலப் போர்டு முழுதாகத் தெரிந்தது. நம்பர்கள் மேலெல்லாம் தாமோதரன் சின்னச் சின்னக் காகிதம் ஒட்டியிருந்தார், பசை இன்னும் காயவில்லை. கட்டு அவிழ்ப்பது பழனி வேலை, படிப்பது அவள் வேலை. அவிழ்த்ததை அவன் பேல் கட்டுகிற மாதிரியே மூலை மடித்து இறுக்கி வைத்ததைப் பார்த்து தாமோதரனுக்குப் பிடித்துப்போய் டீ சொன்னார்.

சனங்கள் என்னென்னவோ காரணம் சொல்லியிருந்தார்கள். மாடு குறுக்கே படுத்தது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டேன். மனைவிக்கு வலி எடுத்தது, வண்டியிலேயே பிரசவம், பெண் குழந்தை. அதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று போட்டிருந்ததைப் படித்து, "பாரேன், நல்ல ஆபீசருதான்" என்றாள் தாட்சாயணி. மதியம் கட்டுச்சோற்றைப் பிரித்து, வேர்க்கடலைத் துவையலோடு தின்றுவிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தபோது அவளுக்கு நம்பிக்கை பாதி போயிருந்தது. வெயில் தாழ்வாரத்துக்குள் ஏறியிருந்தது. மூன்றாவது கட்டில் பாதியில் அவள் கை நின்றது.

"மாமா. மலையடிவாரம், வேப்பமரம்."

"யாரு?"

"திருமலைன்னு யாரோ டிராவல்ஸ் டிரைவர். வக்கீல் வெச்சிக்கிறாரு. அதே பெரட்டாசி, நம்ம ரெண்டாஞ் சனி." உதடு அசைய இரண்டு முறை படித்தாள். "அந்த எடத்துல வண்டி நிறுத்தக்கூடாதுன்னு உத்தரவே கார்த்திகைலதான் வந்துச்சாம். போர்டும் அப்பறம்தான் வெச்சாங்களாம். அதனால அபராதம் செல்லாதுன்னு போட்டுக்கீது."

"அப்ப நம்ம மூணு சனியும்?"

"மூணும் அதுக்கு முந்திதானே."

பழனிக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. தப்புப் பண்ணிவிட்டோம் என்றே அவன் இத்தனை நாள் நம்பியிருந்தான். கையெழுத்துப் போட்டது மட்டும்தான் பிசகு, வண்டி நிறுத்தியது தப்பே இல்லை என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அத நகல் எடுத்துக்கலாமா சார்?" என்று கேட்டான். எடுத்துக்கொள்ளலாம் என்றார் தாமோதரன்.

கிளம்புவதற்குப் பதில் தாட்சாயணி அடுத்த காகிதத்தைப் புரட்டினாள்.

"போதும்மே, கெடச்சிடுச்சே."

"இரு மாமா." அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "இதக் கேளு. வேதாச்சலம், ஆட்டோ டிரைவர், நாயுடுபேட்டை. அதே வேப்பமரம். கழுத்துல மாலை போட்டிருந்ததால மறுத்துப் பேசல, கையெழுத்துப் போட்டேன்."

"நம்மள மாதிரி இன்னொருத்தனா?"

"காரணம் ஏற்றுக்கொள்ளத்தக்கதல்ல."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாளும் இந்த உலகத்தில் இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்தவன் தான் ஒருவன்தான் என்று பழனி நினைத்திருந்தான்.

"இதுக்கும் ஒரு நகல் வோணும் சார்," என்றாள்.

"உன் வேலைய மட்டும் பாத்துக்கினு போம்மா."

"அவருக்குத் தெரியணும் இல்ல சார்? அவரு வீட்ல யாரு பிளைட் ஏறிக்கீறாங்களோ."

தாமோதரனுக்குப் பிளைட் கதை தெரியாது. ஆனாலும் எழுந்து போய் அவரே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார்.

பத்மினி, தாட்சாயணி எழுதிய மறுபரிசீலனை மனுவை வாங்கிக்கொண்டு, டிராவல்ஸ் டிரைவருக்குப் போட்ட உத்தரவையும் பக்கத்தில் வைத்துப் படித்தாள். பங்குனியில் பழனிக்கு லைசென்ஸ் திரும்பி வந்தது. அதோடு திங்கட்கிழமைதோறும் அந்த மேஜையைத் தாழ்வாரத்தில் போட்டு, முடிந்த அப்பீல்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று ஒரு தாளும் ஒட்டச் சொல்லியிருந்தாள். "என் தலைல இன்னொரு வேலை" என்று தாமோதரன் முனகினார். முனகிக்கொண்டே பசை தடவினார்.

ரத்னம்மா பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தாள். போகும்போது மட்டும் தேன்மொழியை இழுத்து, சடையை அவிழ்த்து, ஒழுங்காகப் பின்னிவிட்டுப் போனாள்.

முதல் சவாரிக்கு முன்னால் நாயுடுபேட்டைக்குப் போய்வரலாம் என்று பழனிதான் சொன்னான். வண்டியைக் கழுவி, கற்பூரம் கொளுத்தி, காளஹஸ்தி வழியாக விட்டான். வெயிலில் கண் கூசியது. இரண்டு பக்கமும் புதிதாகக் கம்பெனிகளுக்கு வேலி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்தார்கள். வேதாச்சலமா, அவர் ஆட்டோவை விற்றுவிட்டார், இப்போது அரிசி கோடவுனில் மூட்டை தூக்குகிறார் என்று கை காட்டினார்கள்.

ஐம்பது வயது இருக்கும். சத்தியவேடு பக்கத்துத் தமிழர். தலையில் சாக்கை முக்காடு போலக் கவிழ்த்துக்கொண்டு, உடம்பெல்லாம் தவிட்டுத் தூசியாக வந்து நின்றார். யாரோ வந்திருக்கிறார்கள் என்றதும் கடன்காரன் என்று நினைத்தாரோ என்னவோ, முகத்தில் ஒரு பயம்.

"அண்ணா, மலையடிவாரத்துல மாலை போட்டுக்கினு கையெழுத்துப் போட்டீங்களே," என்று ஆரம்பித்தாள் தாட்சாயணி.

"அது உனுக்கு எப்டிம்மா தெரியும்?"

"இவரும் போட்டாரு."

வேதாச்சலம் பழனியை மேலும் கீழும் பார்த்தார். பழனி வெட்கத்தோடு தலையை ஆட்டினான்.

"என் பொஞ்சாதி இன்னைக்கும் திட்றா," என்றார். "ஊர்ல ஒருத்தன்கிட்டயும் சொல்லல நானு. காரணம் செல்லாதுன்னு வந்துச்சு பாரு, அன்னிக்கே மனசு உட்டுப்பூடுச்சு. சாமிக்காக வாய மூடினு இருந்தேன், அவரே தள்ளுபடி பண்ட்டாருன்னு நெனச்சேன். அதுலேர்ந்து மலைக்குப் போவல."

"அவரு எங்க தள்ளுனாரு? ஆபீஸ்லதான் தள்ளுனாங்கோ," என்றாள் தாட்சாயணி. திருமலையின் உத்தரவை எடுத்து விஷயத்தைச் சொன்னாள். போர்டே இல்லாத இடம், உத்தரவே வராத நாள். அவர் சாக்கைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்க அந்தக் கை சாக்கைக் கசக்கிக்கொண்டே இருந்தது.

"ஆட்டோவ வித்துட்டேனேம்மா."

"லைசென்சு கைக்கு வரட்டும் அண்ணா," என்றான் பழனி. "எங்க ஸ்டாண்டுல டிரைவர் இல்லாம நிக்கிற வண்டியே மூணு கீது. மொதல்ல அதுல ஏறுங்க. அப்பறம் பாத்துக்கலாம்."

தாட்சாயணி பையிலிருந்து மனுவை எடுத்தாள். பழனிக்கு எழுதிய மாதிரியே அவர் பெயரில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பேனாவைத் திறந்து நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க அண்ணா. சித்தூர்ல நாங்களே குடுத்துடறோம்," என்று அடியில் விரல் வைத்துக் காட்டினாள்.

வேதாச்சலம் பேனாவை வாங்கிக்கொண்டார். கையைத் தொடையில் துடைத்தார். காகிதத்துக்குக் கிட்டே கொண்டுபோன பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"கோச்சிக்காதம்மா," என்றார். "மொதல்ல இதுல இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சிக் காட்டு."

பழனி வாய்விட்டுச் சிரித்தான். தாட்சாயணி ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து மனுவின் முதல் வரியிலிருந்து தெலுங்கில் படித்து, ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம் சொன்னாள். உள்ளேயிருந்து மேஸ்திரி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வேதாச்சலம் அந்தப் பக்கம் திரும்பி, "வர்றேன், இரு" என்று உரக்கச் சொல்லிவிட்டு, மறுபடி அவளுக்கு எதிரே குந்தினார்.

"அந்த ரெண்டாவது வரி, இன்னொரு தபா படிம்மா."